வீட்டு மனையும் மழைநீரின் போக்கும்

வீட்டைக் கட்டி முடித்துச் சுண்ணாம்பும் அடித்த பிறகே நம்மவரிற் பெரும்பாலோர் தோட்டத்தைப் பற்றி எண்ணத் தொடங்குகின்றனர். முன்புறம் நான்கு பூச்செடி, பின்புறம் ஒரு முருங்கை, கிணற்றடியில் இரண்டு வாழை என்ற அளவில் திட்டம் முடிந்துவிடுகிறது. செம்பரம்பாக்கம், குன்றத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரங்களில் மனை வாங்கி வீடு கட்டிவரும் நெசவாளரும் பயிரிடுவோரும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டுமென்பது நமது கருத்து. மழைநீர் மனைக்குள் எங்கிருந்து வருகிறது, எவ்வழியே வெளியேறும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். செடியும் மரமும் அதன் பின்னரே.

இதற்குக் காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவாயிற்று. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் நீர் திறந்துவிடப்பட்டது. அந்த வெள்ளத்தைப் பற்றி இன்றும் எல்லோரும் பேசுகின்றனர். ஆனால் ஏரிநீர் எட்டாத தெருக்களிலும் வீட்டுக்குள் நீர் புகுந்ததே, அது எங்கிருந்து வந்தது? 4 சென்ட் மனையின்மீது 47 சென்டிமீட்டர் மழை பெய்தால், அம்மனையில் மட்டும் விழும் நீர் ஏறத்தாழ 76,000 லிட்டர். ஐப்பசியில் ஒரு நாள் 10 சென்டிமீட்டர் பெய்தாலே 16,000 லிட்டர் ஆகிறது. இவ்வளவு நீரும் போக வழியின்றி நின்றால், அது தாழ்ந்த இடத்தைத் தானே தேடிக்கொள்ளும்.

நெசவாளர் வீட்டில் அத்தாழ்ந்த இடம் பெரும்பாலும் தறிக்குழியாகவே இருக்கிறது. குழித்தறியில் இருக்கும் ஈரப்பதம் இழை அறாமலிருக்க உதவும் என்பது தறியில் அமர்ந்தவர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் ஈரப்பதம் வேறு, ஊற்று வேறு. குழியின் பக்கத்தில் நீர் கசியத் தொடங்கினால் மிதிகட்டிய கயிறு இற்றுப்போகிறது. பாவில் பூஞ்சை படர்கிறது. நெய்பவர் கால் நாள் முழுவதும் நனைகிறது. அதன் பின் பத்து நாளோ இருபது நாளோ தறி நிற்கும். கூலியும் நிற்கும். குழிக்குச் சிமெண்டுப் பூசிவிட்டால் போதுமென்று சிலர் சொல்வர். வெளியே மண் நீரில் ஊறிக் கிடக்கும்போது உட்பூச்சு நெடுநாள் தாங்காது. வீட்டுச் சுவரை ஒட்டி நீர் நில்லாதபடி வெளிநிலத்தைச் சரிப்பதே நிலையான பரிகாரம்.

நிலத்தைச் சரிக்கும் கலைக்கு நம் கண்ணெதிரே நல்லாசிரியர் இருக்கிறார். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 364 கோடியே 50 லட்சம் கன அடி. இத்துணைப் பெரிய நீர்நிலையும் நான்கே உறுப்புகளால் இயங்குகிறது: நீர் வந்துசேரும் வரத்துக் கால்வாய், அதைத் தேக்கும் கரை, வேண்டியபோது விடும் மதகு, மிஞ்சியதை வெளியேற்றும் வழி. நிவர் புயல் வந்த 2020ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாளில், ஏரி முற்றும் நிரம்பும்வரை காத்திராமல், நீர்மட்டம் 22 அடியை எட்டியபோதே மதகு திறக்கப்பட்டது. வீட்டு மனைக்கும் இம்முறையே பொருந்தும். கூரைநீர் இறங்கும் இடம் வரத்து. பாத்திகளும் உறைகிணறும் தேக்கம். மிச்சநீர் தெருவடிகாலுக்குச் செல்லும் சிறு வாய்க்கால் கலங்கல். தேக்கத்தை அமைத்துவிட்டுக் கலங்கலை மறந்த மனைகளையே நாம் மிகுதியாகக் காண்கிறோம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாண்டில் தோண்டிய குழிகளிற் பலவும் வண்டல் அடைத்துப் பெயருக்கு மட்டுமே இருக்கின்றன. களிமண் மிகுந்த இடத்தில் மேலோட்டமான குழி நீரை உறிஞ்சாது. மணல் தட்டுப்படும் ஆழம்வரை உறை இறக்கினால்தான் பயன் உண்டு.

இனி, மனையின் மட்டத்தை அறிவது எப்படி? பட்டாவுடன் கிடைக்கும் புலப்படத்தில் நீளமும் அகலமும் இருக்கும்; மேடுபள்ளம் இராது. கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் நிலத்திலும் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் முக்கால் அடி வேறுபாடு இருப்பது இயல்பு. கொத்தனார் வைத்திருக்கும் நீர்மட்டக் குழாய் ஒன்றே இதற்குப் போதும். நாற்பது அடி நீளமுள்ள ஒளிபுகும் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பி, ஒரு முனையை வாசற்படியில் இட்ட குறியருகே ஒருவர் பிடிக்க, மறுமுனையை மனையெங்கும் பத்தடிக்கு ஒன்றாக நட்ட முளைகளருகே மற்றொருவர் கொண்டுசெல்ல வேண்டும். நீர் நிற்கும் உயரத்துக்கும் தரைக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு முளையிலும் அங்குலத்தில் அளந்து கட்டமிட்ட தாளில் எழுதிக்கொள்க. ஒரே எண்ணுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்தால் சமமட்டக் கோடுகள் தாமே புலப்படும். நீர் அக்கோடுகளைக் குறுக்கே வெட்டி ஓடும். பாத்தியும் வரப்பும் அக்கோடுகளை ஒட்டி அமைய வேண்டும். இருவர் அரை நாளில் முடிக்கும் வேலை இது. வீட்டைச் சுற்றி முதற் பத்தடிக்குள் தரை வெளிநோக்கி 6 அங்குலம் சரிந்திருக்குமாறு மண்ணைத் திருத்திக்கொண்டால், சுவரடியில் நீர் நில்லாது.

மண்ணைக் கொட்டி மனை முழுவதையும் இரண்டடி உயர்த்திவிடுவதே எளிதென்று கருதுவோர் உண்டு. சாலையை உயர்த்துகின்றனர், அதைப் பார்த்துப் புதுவீட்டார் மனையை உயர்த்துகின்றனர், நடுவில் முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய ஓட்டுவீடு குழியாகிவிடுகிறது. அவ்வீட்டுத் தறிக்குழியில் நிற்பது அடுத்த வீட்டாரின் மழைநீர். ஒரே சங்கத்தில் பங்கு வைத்திருக்கும் இருவரிடையே இவ்வாறு நேர்வதைக் காண நமக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டடத்தின் அடித்தளத்தை மட்டும் உயர்த்தி, சுற்றுநிலத்தைப் பழைய மட்டத்திலேயே விடுவது செலவையும் குறைக்கும். நீர் தேங்கிச் சுவறவும் இடம் தரும்.

குன்றத்தூர்க் குன்றின் அடிவாரம் போன்ற சரிவான மனைகளில் சிக்கல் வேறு வகையானது. அங்கு நீர் நிற்பதில்லை. மேல்மண்ணைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. மூன்றடி தொலைவுக்கு ஓரடி சரியும் நிலத்தில் புல்லும் கொடியும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதைவிடச் செங்குத்தானால் படிப்படியாகத் தளம் வெட்ட வேண்டும். ஒரே உயர்ந்த சுவரைவிட, மும்மூன்று அடியில் இரண்டு தாழ்ந்த சுவர்களே நலம். சாந்தின்றி அடுக்கும் கற்சுவராயின் அடியகலம் உயரத்திற் பாதிக்குக் குறையாமலும், ஒவ்வோர் அடி உயரத்துக்கும் ஓரிரு அங்குலம் மேட்டுப்பக்கம் சாய்ந்தும் இருக்க வேண்டும். சாந்திட்டுக் கட்டினால் ஐந்தாறு அடிக்கு ஒரு நீர்த்துளையும், சுவரின் பின்னே சரளைக்கல் நிரப்பும் இன்றியமையாதவை. சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் ஊறிய மண்ணின் பாரமே. நான்கடிக்கு மேற்பட்ட சுவரைப் பொறியாளர் கணக்கின்றி எழுப்பலாகாது.

கல்லுக்குச் செலவிட இயலாதவர்க்கு வெட்டிவேர் இருக்கிறது. உலக வங்கி 1980களில் மண்ணரிப்பைத் தடுக்கப் பல நாடுகளிலும் பரப்பிய புல் இதுவே; பிற நாட்டாரும் நம் தமிழ்ப் பெயராலேயே இதனை வழங்குகின்றனர். சமமட்டக் கோட்டின்மேல் அரையடிக்குள் ஒன்றாக நாற்றை நெருக்கி நட்டால், இரண்டு மூன்று ஆண்டுகளில் வேலியாக அடர்ந்து, வேர் பத்தடிக்குமேல் நேரே இறங்கும். வேருக்கு ஆசைப்பட்டு வேலியைத் தோண்டிவிட்டால் மண்ணும் உடன் போகும்.

சரிவைக் குறையாகக் கருத வேண்டுவதில்லை. உதகை அரசு தாவரவியல் பூங்காவின் தொடக்கமே ஒரு கூட்டு முயற்சி. அங்குக் குடியிருந்த ஐரோப்பியர் சந்தா சேர்த்துக் காய்கறி பயிரிட முயன்றதிலிருந்து அது பிறந்தது. அம்முயற்சி நிலைக்கவில்லை. பின்னர் 1848இல், கியூ பூங்காவில் பயின்ற மெக்ஐவர் என்பார் வரவழைக்கப்பட்டார். மேலே காடும் கீழே சதுப்புமாயிருந்த தொட்டபெட்டாச் சரிவை அவர் வடித்துப் படித்தளங்களாக்கினார். நம் காலத்தில் லாரி பேக்கர் திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையில் பாறைச் சரிவைச் சமப்படுத்தாமல், அதன் போக்கிலேயே தம் வீட்டை அமைத்து வாழ்ந்தார்.

இவ்வாறு வல்லுநர் துணை கொள்வது செல்வர்க்கே உரியது என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. முழுத் தோட்டத்தையும் ஒருவரிடம் ஒப்படைப்பது செலவுதான். மட்டம் அளத்தல், நீர்வழி குறித்தல், சுவரின் கனம் கணக்கிடல் ஆகிய மூன்றுக்கு மட்டும் அவரை அமர்த்தினால் கூலி அளவோடு நிற்கும். பூவும் காயும் எதுவென்று நம் பெண்டிர்க்குத் தெரியாததை அவர் சொல்லிவிடப் போவதில்லை. கட்டடக் கலைஞர் என்ற பெயரைப் பயன்படுத்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவெண்ணைக் கேட்டறிவதில் தவறில்லை. மட்டங்கள் குறித்த வரைபடத்தை நம் கையில் தருவாரா என்பதை முன்னரே பேசிக்கொள்க. வண்ணப் படம் மட்டும் தருபவரால் மழைக்காலத்தில் உதவி இல்லை. ஒரு தெருவில் பத்துக் குடும்பத்தார் சேர்ந்து ஒரே அளவையாளரை அமர்த்தினால் செலவு பகிரப்படும். அதைவிட முக்கியம், பத்து மனையின் மிச்சநீரும் ஒரே வாய்க்காலில் இணைய வழி பிறக்கும். இவ்வேலையைச் சங்கமே முன்னின்று செய்யலாம்.

மரங்களைப் பற்றிச் சில சொற்கள். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வார்தா புயலில் சென்னையில் வீழ்ந்தவற்றுள் குல்மொகரும் தூங்குமூஞ்சியும் மிகுதி. வேம்பு, புங்கு, புன்னை ஆகியவை நம் காற்றுக்குப் பழகியவை. அரசும் ஆலும் சுவரருகே வேண்டா. தறி அறைக்கு வடக்கு வெளிச்சம் வேண்டுமாதலால் அப்பக்கம் தாழ்ந்த செடிகளே தகும். தெருவில் பாவு நீட்டும் இடங்களில் நிழல்மரம் ஓரத்தில் ஒரே நேர்வரிசையாக அமையட்டும். குளியல் நீரைக் கல்வாழை, வாழை, சேம்பு வளரும் பாத்தியில் விடலாம். சாயநீரைக் கீரைப்பாத்தியிலோ உறைகிணற்றிலோ ஒருபோதும் விடலாகாது.

மட்டமளத்தலைச் சித்திரை வைகாசியிலும், மண்வேலையை ஆடிக்குள்ளும் முடித்துக்கொண்டால், திருத்திய மண் இறுக ஓரிரு சிறுமழை கிடைக்கும். ஐப்பசியில் முதற் பெருமழை பெய்யும்போது குடையுடன் மனையை ஒரு சுற்றுச் சுற்றி, நீர் தயங்கி நிற்கும் இடங்களில் முளையடித்துவிட்டு வருக. மழை விட்ட மறுநாள் மண்வெட்டிக்கு அங்கேதான் வேலை.