மலிவான லித்தியம் பாட்டரிகளின் அகத்தரம்

தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி மலைக்கு ஏறும் வழிகளுள் கம்பம்மெட்டு ஒன்று. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் இவ்வழியே ஏறி, உடும்பன்சோலைப் பகுதியின் ஏலத்தோட்டங்களில் வேலை செய்து மாலையில் திரும்புவது நெடுநாளைய வழக்கம். ஏலச்செடியை இலைப்பேனும் காய் துளைக்கும் புழுவும் தாக்குவதால், ஆண்டில் பன்முறை மருந்து தெளிக்க வேண்டியுள்ளது. இவ்வேலைக்குக் கையால் இயக்கும் தெளிப்பான்களோடு, முதுகில் சுமக்கும் பாட்டரித் தெளிப்பான்களும் வந்துள்ளன. முன்னர் இவற்றில் ஈய-அமிலப் பாட்டரியே இருந்தது. இப்பொழுது எடை குறைந்த லித்தியம்-அயனி பாட்டரி அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. தலைவிளக்கிலும் சிறு சூரிய விளக்கிலும் இருப்பதும் அதுவே.

தெளிப்பானின் பாட்டரி தொழிலாளியின் இடுப்பை ஒட்டி அமைவது. இரவில் குடும்பத்தினர் உறங்கும் அறையிலேயே மின்னேற்றம் பெறுவது. ஆகவே அது நல்லதா, தீயதா என்பது பணத்தை மட்டும் பொறுத்த வினாவன்று. ஆனால் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பாட்டரியும் பார்வைக்குப் பளபளப்பாகவே இருக்கிறது. மேலுறையை நம்பாமல் உட்புறத் தரத்தை எவ்வளவு தூரம் அறிய முடியும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கலத்தின் உள்ளமைப்பு

பரவலாகப் பயன்படும் மின்கலம் 18650 என்னும் எண்ணால் குறிக்கப்படுகிறது. அதன் விட்டம் 18 மில்லிமீட்டர். நீளம் 65 மில்லிமீட்டர். உருளையினுள் மூன்று வகை நாடாக்கள் பாயைச் சுருட்டுவது போல் இறுக்கமாகச் சுற்றப்பட்டுள்ளன. அலுமினியத் தகட்டின்மேல் லித்தியம் சேர்ந்த உலோக ஆக்சைடு பூசியது நேர்மின்வாய். செப்புத் தகட்டின்மேல் கிராஃபைட் பூசியது எதிர்மின்வாய். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு நடுவே நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் இடைத்திரை உள்ளது. தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். இடைத்திரையின் பருமனோ 10 முதல் 25 மைக்ரான் மட்டுமே. சுற்றிலும் நிறைந்திருக்கும் கரைசல் எளிதில் தீப்பற்றக் கூடியது.

மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் நேர்மின்வாயிலிருந்து புறப்பட்டு, இடைத்திரையைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்து தங்குகின்றன. இவற்றை ஏற்க எதிர்ப்பக்கத்தில் எப்பொழுதும் இடம் இருத்தல் வேண்டும். இதன் பொருட்டே எதிர்மின்வாய் நாடா, நேர்மின்வாய் நாடாவைக் காட்டிலும் ஒவ்வொரு விளிம்பிலும் சிறிதளவு நீண்டிருக்குமாறு அமைக்கப்படுகிறது. சுற்றும் எந்திரம் சற்றே பிசகி, இவ்விளிம்பு குறைந்துவிட்டால், தங்க இடமில்லாத அயனிகள் ஓரத்தில் உலோக லித்தியமாகப் படிகின்றன. அப்படிவு ஊசிபோல் வளர்ந்து இடைத்திரையைத் துளைக்கக் கூடும். அப்பொழுது உட்குறுக்கு மின்சுற்று ஏற்பட்டு வெப்பம் பெருகுகிறது. ஏறத்தாழ 130 பாகை சென்டிகிரேடில் பாலிஎத்திலீன் இடைத்திரையே உருகத் தொடங்கும். அதன்பின் வெப்பமே மேலும் வெப்பத்தைப் பிறப்பிக்கும்.

பெரிய தொழிற்சாலைகளும் இத்தகைய குறைகளுக்கு விலக்கல்ல. 2006-ல் சோனி நிறுவனத்தின் மடிக்கணினி பாட்டரிகள் இலட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டதற்குக் கலத்தினுள் புகுந்த நுண்ணிய உலோகத் துகள்களே காரணமாயின. 2016-ல் சாம்சங் நிறுவனத்தின் நோட் 7 கைபேசிகள் தீப்பற்றியபோது, ஒருவகைப் பாட்டரியில் மின்வாயின் மூலை வளைந்திருந்ததும், மற்றொரு வகையில் பற்றவைப்பின் பிசிறு நீட்டியிருந்ததும் காரணங்கள் என அந்நிறுவனம் 2017 ஜனவரியில் அறிவித்தது. தேர்ந்த தொழிற்சாலைக்கும் மலிவுத் தயாரிப்புக்கும் உள்ள வேறுபாடு, பிழை கண்டு விலக்கும் சோதனையிலேயே உள்ளது. 2025-ல் அமெரிக்காவின் லூமாஃபீல்டு நிறுவனம் ஆயிரத்துக்குச் சற்று மிகுதியான 18650 கலங்களை எக்ஸ்-கதிர் அடுக்குப் படமெடுத்து ஆராய்ந்தது. 33 கலங்களில் மேற்கூறிய விளிம்புக் குறை காணப்பட்டது. அவை அனைத்தும் மலிவுப் பெயர்களிலோ போலிப் பெயர்களிலோ விற்கப்பட்டவை.

திறவாமல் அறியும் முறைகள்

எக்ஸ்-கதிர்க் கருவி பள்ளியிலும் தோட்டத்திலும் இராது. கலத்தை அறுத்துப் பார்ப்பதோ பேராபத்து. அதனை எவரும் முயலலாகாது. எனினும் ஒரு தராசு, ஒரு மல்டிமீட்டர், ஒரு கடிகாரம், 10 ஓம் மதிப்பும் 5 வாட் திறனும் உடைய ஒரு மின்தடை ஆகியவற்றைக் கொண்டே பலவற்றை அறியலாம்.

முதலாவது, எடை. செம்மையாக நிரப்பப்பட்ட 18650 கலம் 45 கிராம் அளவு இருக்கும். 35 கிராம் மட்டுமே இருப்பின் உள்ளே சரக்குக் குறைவு என்பது தெளிவு. இக்கலத்தின் கொள்ளளவு, தேர்ந்த தயாரிப்பிலும் 3,500 மில்லி ஆம்பியர்-மணி அளவை ஒட்டியே நிற்கிறது. ஆகவே 9,900 என்று அச்சிட்ட உறை தன் பொய்யைத் தானே கூறுகிறது. தெளிப்பானின் பாட்டரிக்கும் இக்கணக்குப் பொருந்தும். 2,000 மில்லி ஆம்பியர்-மணிக் கலங்களால் 11.1 வோல்ட், 8 ஆம்பியர்-மணி பாட்டரி அமைக்க வேண்டுமாயின், மூன்று தொடராகவும் நான்கு இணையாகவும் 12 கலங்கள் தேவை. அவற்றின் எடை மட்டுமே 540 கிராம். கொள்ளளவு மிகுந்த உயர்தரக் கலங்களைப் பயன்படுத்தினாலும் மொத்த எடை 400 கிராமுக்குக் கீழ் வருவது அரிது.

இரண்டாவது, கொள்ளளவு. முழு மின்னேற்றம் பெற்ற தனிக்கலத்தை 10 ஓம் தடையுடன் இணைத்து, அரை மணிக்கொருமுறை வோல்ட் அளவைக் குறித்துவர வேண்டும். 3 வோல்ட்டுக்கு இறங்கியவுடன் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். சராசரி அழுத்தம் 3.6 வோல்ட் ஆயின் மின்னோட்டம் 0.36 ஆம்பியர். மூன்றரை மணி நேரம் ஓடினால் கொள்ளளவு 1.26 ஆம்பியர்-மணி, அதாவது 1,260 மில்லி ஆம்பியர்-மணி. உறையில் உள்ள எண்ணை இதனுடன் ஒப்பிடுக. தடை சூடேறுமாதலால் ஓட்டின்மேல் வைப்பதும், சோதனை முடியும்வரை ஒருவர் அருகிலிருப்பதும் அவசியம்.

மூன்றாவது, உள்தடை. தடையை இணைக்கு முன்னும் இணைத்த சில நொடிகளிலும் கலத்தின் முனைகளிலேயே அழுத்தத்தை அளக்க வேண்டும். 4.10 வோல்ட் 4.06 ஆக இறங்கினால், 0.04 வோல்ட்டை 0.406 ஆம்பியரால் வகுக்க, உள்தடை ஏறத்தாழ 0.1 ஓம் எனக் கிடைக்கும். நல்ல புதிய கலத்தில் இது பெரும்பாலும் இன்னும் குறைவாகவே இருக்கும். இறக்கம் இதனிலும் பன்மடங்காயின், கலம் பழையது அல்லது தரமற்றது. பழைய மடிக்கணினிகளிலிருந்து கழித்த கலங்களுக்குப் புது உறை போர்த்தி விற்பதும் உண்டு. முனையில் முந்தைய பற்றவைப்பின் தழும்பு இருப்பின் ஐயம் கொள்ளலாம்.

நான்காவது, தன்னிழப்பு. முழு மின்னேற்றத்துக்குப் பின் ஒரு நாள் கழித்து அளவெடுத்து, 15 நாள் சும்மா வைத்து மீண்டும் அளக்க வேண்டும். நல்ல கலத்தில் வேறுபாடு மிகச் சொற்பம். ஒரே தொகுதியில் வாங்கிய கலங்களுள் ஒன்று மட்டும் 0.1 வோல்ட் அளவுக்கு இறங்கியிருந்தால், அதனுள் மின்சாரம் மெல்லக் கசிகிறது என்றே கொள்ள வேண்டும். உட்புறப் பிழையை வெளியிலிருந்து காட்டும் அறிகுறிகளுள் இதுவே முதன்மையானது.

சோதனையின் எல்லை

இந்நான்கும் மோசடியை வெளிப்படுத்தும்; தேய்ந்த கலத்தையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் விளிம்பு பிசகிய சுற்று, ஊசிப்படிவு வளரும்வரை எல்லாச் சோதனைகளிலும் தேறிவிடக் கூடும். எனவே தேறாத கலத்தை உறுதியாக விலக்கலாம். தேறிய கலத்தை முற்றிலும் நம்பலாகாது. இவ்வேறுபாட்டை மாணவர்க்கும் தோட்டத்தார்க்கும் விளங்க வைப்பது இன்றியமையாதது.

கண்ணுக்குத் தெரியாதவற்றுக்குத் தர அமைப்புகளே துணை. கையடக்கக் கருவிகளுக்கான லித்தியம் கலங்களுக்கு இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 16046 என்னும் தரவிதிப்படிக் கட்டாயப் பதிவு உண்டு. அதன் பதிவெண் ஆர் என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும். அவ்வெண் மெய்யானதா என்பதை அந்நிறுவனத்தின் பி.ஐ.எஸ். கேர் என்னும் கைபேசிச் செயலியில் சரிபார்க்கலாம். 2022-ல் நாட்டின் பலவிடங்களில் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பற்றியதையடுத்து, வாகன பாட்டரிகளின் பாதுகாப்பு விதிகள் அவ்வாண்டு டிசம்பர் முதல் கடுமையாக்கப்பட்டன. காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் லித்தியம் பாட்டரித் துறையிலும் ஆய்வுகள் நடத்தி வருகிறது.

பயன்படுத்துவோர் கடைப்பிடிக்க வேண்டியவை சில. பாட்டரிக்குரிய மின்னேற்றியையே பயன்படுத்துக. சாதாரண லித்தியம் கலத்தின் உச்ச அழுத்தம் 4.2 வோல்ட், லித்தியம் இரும்பு பாஸ்பேட் கலத்தின் உச்சம் 3.65 வோல்ட். ஆதலால் மின்னேற்றியை மாற்றுவது தீமையில் முடியும். மலைப்பகுதியின் மழையிலும் மருந்துக் கசிவிலும் நனைந்த பாட்டரியை உடனே மின்னேற்றலாகாது. வாயிற்படியிலும் படுக்கையருகிலும் மின்னேற்றுதல் கூடாது. தீ எழின் வெளியேறும் வழி அடைபடும். உப்பிய அல்லது கை பொறுக்காத அளவு சூடேறிய பாட்டரியைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. எரியும் பொருள்களிலிருந்து அகற்றித் திறந்த வெளியில் வைக்க வேண்டும். தீர்ந்த பாட்டரியை ஓடையிலோ குப்பையிலோ எறிதல் தகாது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது.

தெளிப்பான் வாங்கும் நாளிலேயே பாட்டரியின் எடையையும், முழு மின்னேற்றத்தில் அது ஓடும் நேரத்தையும் தோட்டப் பதிவேட்டில் எழுதி வைப்பது நன்று. மூன்று திங்களுக்கு ஒருமுறை ஓடும் நேரத்தை ஒப்பிட்டு, அது திடீரெனக் குறைந்த பாட்டரியைத் தொழிலாளியின் முதுகில் ஏற்றாமல் ஒதுக்கிவிட வேண்டும்.