ஏரிக்கு மேலே ஒரு பழைய தெரு

சீசனில் கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் கூட்டம் அலைமோதும். அங்கிருந்து பழைய பங்களாக்கள் இருக்கும் மேட்டுக்கு ஏறினால் சத்தமே இல்லை.

1845-இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் வீடுகளைக் கட்டியபோது மலைக்கு வண்டிப்பாதை கிடையாது. சாமான்கள் சுமையாகவே ஏறின. 1863-இல் லெவிஞ்ச் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஓடையை மறித்து ஏரி அமைக்க, ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. பழைய கல்வீடுகளில் கனத்த சுவரும் கணப்பும் உண்டு, கொல்லையில் பேரி மரம். மழைக்காலத்தில் துணி காய நாள்கணக்காகும். அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சை படரும். இருட்டினால் காட்டெருமை வேலி தாண்டி வந்து செடிகளை மேயும். டார்ச் இல்லாமல் யாரும் வாசலில் இறங்குவதில்லை.

இப்போது பல வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. பக்கத்து வீட்டில் வாரத்துக்கொரு புதுமுகம் என்றால், அவசரத்துக்கு வயதானவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்?