‘அடுத்த வாரம்’ என்பதன் விலை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரையொட்டிய புறநகர் ஒன்றில் வசிக்கும் மகள் வீட்டில் நானும் என் மனைவியும் ஆறு மாதங்கள் தங்கியிருந்தோம். பேரனின் கோடை விடுமுறையில் அனைவரும் கொலராடோ மலைப்பகுதிக்குச் சென்றுவருவது என்பது திட்டம். அதற்காக மருமகன் தம்முடைய பழைய பிக்கப் டிரக்கை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். சக்கரம் பூட்டிய சிறு வீடு போன்ற டிரெய்லரை மலைச்சாலையில் இழுத்துச் செல்லக் கூடுதல் திறன் வேண்டும் என்று கருதி, அதன் பெட்ரோல் என்ஜினில் சூப்பர்சார்ஜர் ஒன்றைப் பொருத்தினார். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் மிகுதியாகச் செலுத்தும் கருவி அது.

கருவியைப் பொருத்தியாயிற்று, ஆனால் வண்டி வாசலைவிட்டு நகரவில்லை. என்ஜினின் கட்டுப்பாட்டுக் கணினிக்குப் புதிய கணக்குகளை எழுதித்தரும் வல்லுநர் ஒருவரிடம் ஜூன் முதல் வாரத்திலேயே முழுத்தொகையும் செலுத்தப்பட்டிருந்தது. இரண்டு வாரங்களில் தருவதாக அவர் கூறியிருந்தார். நான் கேட்கும்போதெல்லாம் மருமகன், ‘அடுத்த வாரம் வந்துவிடும், மாமா’ என்பார். அந்த ‘அடுத்த வாரம்’ வந்துசேர பன்னிரண்டு வாரங்கள் ஆயின.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு வேறு என்ன வேலை? இந்தத் தாமதம் ஏன் நேர்கிறது, அதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில், அந்த வேலை என்ன என்பதைப் பார்ப்போம். இன்றைய என்ஜின்களில் எவ்வளவு எரிபொருளைத் தெளிப்பது, எந்த நொடியில் தீப்பொறி எழுப்புவது என்பவற்றைக் கணினியே முடிவு செய்கிறது. அதற்கான எண்கள் அட்டவணைகளாக அதன் நினைவகத்தில் பதிந்துள்ளன. பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. சுமை மிகும்போது எரிபொருளின் பங்கைச் சற்றுக் கூட்டியாக வேண்டும். சூப்பர்சார்ஜர் காற்றின் அளவை மாற்றிவிடுவதால் பழைய அட்டவணை பொருந்தாது. அப்படியே ஓட்டினால் எரிபொருள் தானாகவே நேரந்தவறி வெடித்து, பிஸ்டனையே சேதப்படுத்தக்கூடும். அந்த அட்டவணைகளைக் குறிப்பிட்ட ஒரு வண்டிக்கென்றே திருத்தி எழுதுவதைத்தான் ‘கஸ்டம் டியூனிங்’ என்கிறார்கள்.

இதற்கு வல்லுநர் நேரில் வரவேண்டியதில்லை. அவர் மின்னஞ்சலில் அனுப்பும் கோப்பைக் கையடக்கக் கருவி ஒன்றின் மூலம் வண்டியின் கணினியில் ஏற்ற வேண்டும். பிறகு வண்டியை ஓட்டி, என்ஜினின் செயல்பாட்டைப் பதிவு செய்து அவருக்குத் திருப்பியனுப்ப வேண்டும். அவர் அதைப் படித்துத் திருத்திய கோப்பை அனுப்புவார். இப்படி மூன்று, நான்கு சுற்றுகள் நடக்கும். ஒவ்வொரு சுற்றிலும் வாடிக்கையாளர் மீண்டும் வரிசையின் கடைசிக்குச் செல்கிறார் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. ஒரு வேலைக்கு ஒரு காத்திருப்பு என்று அவர் எண்ணியிருக்க, உண்மையில் நான்கு காத்திருப்புகள் உள்ளன.

வரிசைகளைப் பற்றி ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி மிகவும் எளிமையானது. வரிசையில் இருப்பவர்களின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், சராசரியாக எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கைவசம் 90 வேலைகள் இருந்து வாரத்துக்கு 15 முடிகின்றன என்றால், காத்திருப்பு ஆறு வாரம். இதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த வகுத்தல் போதும்.

தாமதம் ஏன் திடீரென வீங்குகிறது என்பதற்கும் வரிசைக் கோட்பாடு விடை தருகிறது. வேலைகள் ஒழுங்கற்ற இடைவெளியில் வந்துசேர, ஒருவர் மட்டுமே அவற்றை முடித்துத்தரும் எளிய மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு வேலைக்கு அரை நாள் தேவை என்க. அவருடைய நேரத்தில் 80 விழுக்காடு நிரம்பியிருந்தால், புதிதாக வருபவர் தம் முறைக்காகச் சராசரியாக இரண்டு நாள் காத்திருப்பார். 90 விழுக்காடு நிரம்பினால் நாலரை நாள். 95 விழுக்காடு என்றால் ஒன்பதரை நாள். வேலை சற்றே கூடியதும் காத்திருப்பு இரட்டிப்பாகிறது. கொள்ளளவை மீறி வேலையை ஏற்றுக்கொண்டாலோ, வரிசை நாள்தோறும் நீண்டுகொண்டே போகும். அதற்கு முடிவே இல்லை.

அப்படியானால் விலையை உயர்த்தி வரிசையைக் குறைக்கலாமே என்று கேட்கலாம். கூட்டம் அலைமோதும் உணவகங்கள் ஏன் விலையை உயர்த்துவதில்லை என்ற கேள்வியைப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1991-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில் ஆராய்ந்தார். பிறர் விரும்புவதையே நாமும் விரும்புகிறோம். எனவே வரிசையே விளம்பரமாகிவிடுகிறது என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். ‘அவரிடம் எப்போதும் கூட்டம், அதனால் கைதேர்ந்தவராகத்தான் இருப்பார்’ என்று மருமகனும் என்னிடம் சொன்னதுண்டு.

வல்லுநர் தரப்பு நியாயத்தையும் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் அனுபவத்தை இன்னொருவர் கையில் எளிதாக ஒப்படைத்துவிட முடியாது. சட்டமும் கடுமையானது. ஏறத்தாழ பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் டிரக்குகளில் புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் அகற்றப்பட்டதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது. டியூனிங் என்ற பெயரில் காற்றை நஞ்சாக்கிய அந்தச் செயலை எவரும் நியாயப்படுத்த முடியாது. அத்தகைய கோரிக்கைகளைப் பிரித்தறிந்து மறுப்பதும், அவசரப்பட்டு ஒரு எண்ணைத் தவறாக எழுதி என்ஜினைக் கெடுத்துவிடாமல் இருப்பதும் பொறுப்புள்ள வல்லுநரின் கடமை. அதற்கு நேரம் பிடிக்கும். எனவே பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொண்டதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டு வாரம் என்று சொன்னதுதான் குற்றம்.

தம் கைவசம் எத்தனை வேலைகள் உள்ளன என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியும். ஆனால் ஒருவர் ‘பத்து வாரம்’ என்றும் மற்றவர் ‘இரண்டு வாரம்’ என்றும் சொன்னால், நாம் இரண்டாமவரிடமே செல்கிறோம். வாக்கு பொய்யென்று தெரியவரும்போது பணம் கைமாறியிருக்கும். கையடக்கக் கருவி பெரும்பாலும் அந்த ஒரு வண்டியோடு பிணைக்கப்பட்டிருக்கும். வேறொருவரிடம் சென்றால் மீண்டும் முதலிலிருந்து பணம், மீண்டும் வரிசையின் கடைசி. பொருளின் தரத்தை விற்பவர் மட்டுமே அறிந்திருக்கும் சந்தையில் மட்டமான சரக்கு நல்ல சரக்கை விரட்டிவிடும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு பழைய கார்ச் சந்தை. தவணைச் சந்தைக்கும் அது பொருந்தும். பொய்த் தவணை மெய்த் தவணையை விரட்டிவிடுகிறது. உண்மையைச் சொல்பவர் வாடிக்கையாளரை இழக்கிறார்.

முழுத்தொகையை முன்கூட்டியே செலுத்துவது நிலைமையை மேலும் மோசமாக்குகிறது. அது வட்டியில்லாக் கடன் என்பது ஒருபுறம். வேலையை முடித்தால்தான் பணம் என்ற உந்துதல் அற்றுப்போகிறது என்பது இன்னொருபுறம். பணம் தந்துவிட்டவரின் பழைய வேலையைவிட, இனிமேல் பணம் தரப்போகும் புதியவரின் அழைப்பே கவனத்தை ஈர்க்கும்.

அமெரிக்காவில் அஞ்சல், இணையம், தொலைபேசி வழி விற்பனைக்கு நடுவண் வணிக ஆணையத்தின் விதி ஒன்று உண்டு. காலம் குறிப்பிடாமல் விற்றால் பொதுவாக 30 நாள்களுக்குள் பொருளை அனுப்ப வேண்டும். இயலாவிட்டால் வாங்கியவருக்கு அறிவித்து, விரும்பினால் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை அளிக்க வேண்டும். ஆனால் இது பொருள்களுக்கான விதி. ஒருவருக்கென்றே செய்துதரும் சேவை இதற்குள் எளிதில் அடங்குவதில்லை.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டையும் முறையீட்டுக்கு உரியதாக்கியுள்ளது. ஆனால் தையற்கடையின் தீபாவளித் தவணைக்காகவோ, தச்சரின் ‘வெள்ளிக்கிழமை உறுதி’க்காகவோ எவரும் ஆணையத்தின் படியேறுவதில்லை. ஆகவே தீர்வைச் சட்டத்தில் மட்டும் தேடிப் பயனில்லை. பழக்கத்திலும் தேட வேண்டும்.

முன்பணமாக ஒரு பங்கு, முதல் கோப்பு வந்ததும் ஒரு பங்கு, நிறைவில் மீதி எனத் தொகையைப் பிரித்துச் செலுத்தலாம். வரிசையில் தம் எண் என்ன என்பதை வாடிக்கையாளர் அறிய வழிசெய்யலாம். கொள்ளளவு நிரம்பியதும் புதிய வேலைகளை ஏற்பதை நிறுத்திவைக்கலாம். முடிவு தெரியாத காத்திருப்பு, முடிவு தெரிந்த காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும் என்று டேவிட் மெய்ஸ்டர் 1985-இல் எழுதினார். பன்னிரண்டு வாரம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் மருமகன் அந்தக் கருவியை அக்டோபரில் பொருத்தியிருப்பார். டிரெய்லரை விட்டுவிட்டு, வீட்டுக் காரிலேயே மலையைப் பார்த்துத் திரும்பியிருப்போம்.

வாடிக்கையாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. நீண்ட தவணை சொல்பவரைச் சோம்பேறி என்றும், குறுகிய தவணை சொல்பவரைத் திறமைசாலி என்றும் முடிவுகட்டும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். ‘எத்தனை நாளாகும்?’ என்று மட்டும் கேட்காமல், ‘எனக்கு முன்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்?’ என்றும் கேட்டுப் பழக வேண்டும்.

ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் பேரனுக்குப் பள்ளி திறந்துவிட்டது. முதல் கோப்பு அந்த மாத இறுதியில்தான் வந்தது. வேலை நேர்த்தியாகவே இருந்தது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் மருமகன் என்னை அந்த வண்டியில் மளிகைக் கடைக்கு அழைத்துச் சென்றார். போக இரண்டு மைல், வர இரண்டு மைல். அறுபதைக் கடந்த எங்களுக்கு அந்தக் கோடை எவ்வளவு மதிப்புடையது என்பது எந்த ரசீதிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாவிட்டாலும் அதுவும் ஒரு செலவுதான். அதைச் செலுத்தியவர்கள் நாங்கள்.