மூடிய வசன வரிகள்

க்ளோஸ்டு கேப்ஷன் எனப்படும் மூடிய வசன வரிகள், காது கேளாதோர் தொலைக்காட்சியையும் காணொளிகளையும் புரிந்துகொள்ள உதவும் எழுத்து வரிகள் ஆகும். வேண்டியவர் மட்டும் திரையில் வரவழைத்துக்கொள்ளலாம் என்பதால் 'மூடிய' எனப்படுகின்றன. பேச்சு மட்டுமன்றி, கதவு தட்டும் ஓசை, பின்னணி இசை, பேசுபவர் யார் என்பனவும் இவற்றில் குறிக்கப்படும். மொழிபெயர்ப்புக்கான சப்டைட்டில்களில் பெரும்பாலும் இவை இரா.

ஐக்கிய அமெரிக்காவில் 1972இல் பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். நிலையம், ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை எல்லோர் திரையிலும் தெரியும் வசன வரிகளுடன் ஒளிபரப்பியது. மூடிய வரிகள் 1980 மார்ச் 16 அன்று தொடங்கின. ஒளிபரப்புச் சமிக்ஞையில், படத்தில் தெரியாத 21ஆம் வரியில் எழுத்துகள் குறியீடாக அனுப்பப்பட்டன. அவற்றைப் படிக்கத் தனிப் பெட்டி ஒன்றை வாங்க வேண்டியிருந்தது. ஒரே நிகழ்ச்சியைப் பார்க்க மற்றவருக்கு இல்லாத செலவு காது கேளாதவர் தலையில் விழுந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது: 1993 ஜூலை முதல், 13 அங்குலமும் அதற்கு மேலும் திரையுள்ள புதிய தொலைக்காட்சிகளுக்குள்ளேயே அந்த வசதி இருக்க வேண்டும் என்றானது.

இணையம் வந்ததும் பழைய சிக்கல் திரும்பியது. தொலைக்காட்சியில் வரிகளுடன் வந்த நிகழ்ச்சி, இணையத்தில் வரிகளின்றி ஏறியது. 2010ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய நிகழ்ச்சிகளுக்கு இணையத்திலும் வரிகளைக் கட்டாயமாக்கியது. இணையத்துக்கென்றே எடுக்கப்படும் காணொளிகள் அதில் அடங்கா.

யூடியூப் 2009இல் தானியங்கி வரிகளை அறிமுகப்படுத்தியது. இவை பயனுள்ளவையே, ஆனால் பெயர்களிலும் எண்களிலும் தடுமாறக்கூடியவை. ஆங்கிலத்தில் 15, 50 ஆகியவற்றின் ஒலிப்பு நெருங்கியது. மருந்தின் அளவைச் சொல்லும் காணொளியில் இவ்விரண்டும் மாறிவிட்டால், கேட்டுச் சரிபார்க்க இயலாதவருக்கு அந்த வரி இல்லாதிருப்பதே மேல்.