பவளத் தொட்டியில் மிகும் காரத்தன்மை

பவளப் பிராணி தன் கூட்டைக் கட்டுவதற்குக் கால்சியமும் கார்பனேட்டும் வேண்டும். இவற்றுள் பின்னதன் இருப்பை மதிப்பிட உதவுவது நீரின் காரத்தன்மை. அதாவது, நீர் எவ்வளவு அமிலத்தை ஏற்று நடுநிலைப்படுத்த வல்லது என்னும் அளவு. இயற்கைக் கடல் நீரில் இது லிட்டருக்குச் சுமார் 2.3 மில்லி ஈக்விவலன்ட் ஆகும். தொட்டி வளர்ப்போர் கையாளும் ஜெர்மன் டிகிரிக் கணக்கில் ஏறக்குறைய 6.5 எனலாம்.

தொட்டிகளில் 7 முதல் 11 டிகிரி வரை வைத்துக்கொள்வது வழக்கம். காரத்தன்மை கூடினால் பவளம் விரைந்து வளரும் என்பது வெறும் நம்பிக்கையன்று. ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவை அடுத்த பவளத்திட்டில் காரம் கலந்து நடத்திய சோதனையில், சுண்ணாம்பு படியும் வேகம் சுமார் 7 சதவீதம் உயர்ந்ததாக 2016ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அங்கே செய்யப்பட்டது, தொழிற்புரட்சிக்கு முன் கடலில் நிலவிய நிலையை மீட்டதேயன்றி அதனை மிஞ்சியதன்று. இவ்வேறுபாட்டை மறந்து 14 டிகிரி வரை ஏற்றிவிடுவோர் உளர்.

விளைவு விரைவிலேயே புலப்படும். வெப்பமூட்டியின் மீதும் பம்பின் சுழலியின் மீதும் வெண்ணிறச் சுண்ணாம்பு படிகின்றது. அடிமணல் கட்டி தட்டுகின்றது. நீரிலுள்ள கால்சியமும் அதனுடன் குறைவதால், உடையவர் மேலும் கால்சியம் சேர்க்கிறார். படிவு மேலும் பெருகுகிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைந்த தொட்டிகளில் கிளைப் பவளங்களின் நுனித் திசு கருகி, வெள்ளெலும்பு வெளிப்படுவதும் உண்டு. பல ஆண்டுகள் வளர்ந்த பவளம் சில நாட்களில் மடியக்கூடும். கற்பவளங்கள் யாவும் 2001ஆம் ஆண்டில் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டமையால், இழந்ததை நம் கடலிலிருந்து எடுத்து ஈடு செய்வதற்கும் இடமில்லை.

அளவு மிகுந்ததாகத் தோன்றினால், முதலில் அளவையே ஐயுற வேண்டும். சோதனைத் திராவகம் பழையதாக இருக்கலாம். புதிய திராவகத்தால் மீண்டும் சோதிப்பது நன்று. ஆவியாகிய நீருக்கு ஈடாக நன்னீருக்குப் பதில் உப்பு நீரை ஊற்றியிருந்தால், உப்பு ஏறுவதோடு காரத்தன்மையும் ஏறியிருக்கும். சில செயற்கை உப்புக் கலவைகளே 11 டிகிரிக்கு மேல் தருவனவாதலால், புதிதாகக் கலக்கும் நீரையும் சோதித்தல் வேண்டும்.

அளவு மெய்யெனத் தெரிந்தபின் செய்யத்தக்கது, சோடா, சுண்ணாம்புத் தெளிவு நீர் முதலியவற்றைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதே. கற்பவளங்கள் நிறைந்த தொட்டி நாளொன்றுக்கு ஒரு டிகிரியளவு உண்டுவிடும். 14 டிகிரி ஐந்து நாட்களில் 9 ஆகும். இதனினும் விரைந்து இறக்குவது தகாது. பவளம் குறைந்த தொட்டியில் நீர் மாற்றம் துணை செய்யும்; ஆனால் 200 லிட்டரில் 20 லிட்டரை அகற்றி, 8 டிகிரி நீரை ஊற்றினால் 14 என்பது 13.4 ஆகவே குறையும். மாற்றத்தைப் பன்முறை செய்ய நேரிடும்.

காற்றுக் குமிழிகளை மிகுதியாகச் செலுத்துவோரும் உளர். அதனால் கரியமில வாயு வெளியேறிப் பி.எச். எண் உயருமேயன்றிக் காரத்தன்மை மாறாது. காடியை ஊற்றினால் அளவு குறைந்ததுபோல் காணும். பாக்டீரியாக்கள் அக்காடியை உண்டு தீர்த்தபின் பழைய நிலைக்கே திரும்பும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் காரத்தன்மையை மெய்யாகவே குறைக்கும். எனினும் அப்போது பிறக்கும் கரியமில வாயுவால் பி.எச். எண் திடீரென வீழ்வதால், உயிர்கள் வாழும் தொட்டியில் அதனைக் கையாளாதிருப்பதே உசிதம்.

பவளங்கள் 5 டிகிரியை உண்ணும்போது, லிட்டருக்குச் சுமார் 36 மில்லிகிராம் கால்சியமும் உடன் செலவாகின்றது. ஆகவே சோடாவை மீண்டும் தொடங்குமுன் கால்சியத்தை அளந்து, 420 மில்லிகிராமுக்கு மிகவும் தாழ்ந்திருப்பின் கால்சியம் குளோரைடை மட்டும் சிறிது சிறிதாகச் சேர்த்து உயர்த்துதல் வேண்டும். சோடாவை முன்னைய அளவில் பாதியாகத் தொடங்கி, நாள்தோறும் ஒரே வேளையில் சோதித்துக் கூட்டலாம்.