முட்டையின்மேற் பொறித்த சட்டம்

கோழிப் பண்ணையைக் குறித்து எழுதுதல் கல்லூரிச் சஞ்சிகைக்குத் தகுமோவென ஐயுறுவார் சிலர் இருக்கலாம். ஓர் அரசாங்கம் தான் இயற்றிய விதியை எவ்வாறு காக்கின்றது என்பதை அறிதற்கு, பெருஞ்சட்டங்களினும் இத்தகைய சிறு துறைகளே நமக்கு நன்கு துணைபுரிகின்றன. ஆதலின் ஐரோப்பிய ஒன்றியத்தார் முட்டைக் கோழிகளுக்கென வகுத்த விதிகளை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முன்னாளில் கம்பிக் கூண்டில் அடைபட்ட கோழியொன்றுக்கு அங்கு விதிக்கப்பட்ட இடம் 450 சதுர சென்டிமீட்டர். நாம் எழுதும் ஏ4 தாளின் பரப்போ 620-க்கு மேற்பட்டது! 1999-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் பிறந்த ஆணை, இவ்வெறுங் கூண்டுகளை 2012 ஜனவரி முதல் நாள்தொட்டு அறவே விலக்கியது. கூண்டே வேண்டுவோர் கோழியொன்றுக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடமும், முட்டையிட மறைவிடமும், அமர்ந்துறங்கக் கோலும், கிளறுதற்குரிய தளர்ந்த பொருளும் அமைத்தல் வேண்டும். பொறுப்பாளர் நாடோறும் ஒருமுறையேனும் கோழிகள் யாவற்றையும் பார்வையிட வேண்டுமென்பதும் அவ்வாணையின் ஒரு பகுதியாம்.

பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட தவணை அளித்திருந்தும், குறித்த நாள் வந்தபோது 13 நாடுகள் ஆணையை முற்றும் நிறைவேற்றவில்லையென ஒன்றியத்தின் ஆணைக்குழு எழுத்துமூலம் குற்றஞ்சாட்டிற்று. இத்தாலியும் கிரேக்கமும் நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டு, 2014-இல் அவற்றின்மீது தீர்ப்பாயிற்று. இதற்கிடையே வருந்தியவர் யாவர்? பெரும்பொருள் செலவிட்டுக் காலத்தே கூண்டை மாற்றிய பண்ணையாளரே. மாற்றாத அயலாருடன் அவர் ஒரே சந்தையிற் போட்டியிட நேர்ந்தது. சட்டத்தின் தளர்ச்சி, கீழ்ப்படிந்தவனுக்கே தண்டமாய் முடிந்ததென நாம் கருதுகிறோம்.

பண்ணைதோறும் ஓர் அதிகாரியை நிறுத்துதல் எவ்வரசாங்கத்திற்கும் இயலாது. அதனால் ஒன்றியத்தார் வேறோர் உபாயமுங் கண்டனர். 2004 முதல், கடைகளில் விற்கும் முட்டையின் ஓட்டின்மேல் ஒரு குறி பொறிக்கப்படுகின்றது. முதலிலக்கம் வளர்ப்பு முறையைக் காட்டும்: 0 இயற்கை முறைப் பண்ணை, 1 வெளியே திரிவது, 2 கொட்டிலில் உலவுவது, 3 கூண்டு. அதனையடுத்து நாட்டைக் குறிக்கும் ஈரெழுத்தும், பண்ணையின் எண்ணும் வரும். வாங்குவோரும் ஒருவாறு மேற்பார்வையாளராயினர்.

இக்குறியின் பயன் 2017-இல் விளங்கிற்று. கோழியின் இரத்தத்தை உறிஞ்சும் சிற்றுண்ணிகளை ஒழிக்க, உணவுக்குரிய பிராணிகள்பால் விலக்கப்பட்ட ஃபிப்ரோனில் என்னும் நஞ்சு நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய நாட்டுப் பண்ணைகளிற் பயன்படுத்தப்பட்டிருந்தது. நச்சு முட்டைகளின் எண்களை நெதர்லாந்து அதிகாரிகள் வெளியிடவே, மக்கள் தத்தம் இல்லத்து முட்டைகளை எடுத்து ஒத்துப்பார்த்தனர். எனினும், 2016 நவம்பரிலேயே அவ்வதிகாரிகளுக்குப் பெயரிலாத் துப்பொன்று கிடைத்திருந்தது. பெல்ஜிய அதிகாரிகளும் ஜூன் மாதத்தில் அறிந்ததை ஜூலை 20-ஆம் நாளே பிற நாடுகளுக்கு அறிவித்தனர். அதற்குள் எத்தனையோ முட்டைகள் உண்ணப்பட்டுவிட்டன.

அவ்வாண்டு செப்டம்பரிற் கூடிய அமைச்சர்கள், இத்தகைய செய்திகள் தாமதமின்றிச் செல்லும்பொருட்டு ஒவ்வொரு நாட்டிலும் உணவுப் பாதுகாப்பிற்கென ஓர் அதிகாரியை ஏற்படுத்த உடன்பட்டனர்.