மெக்கானிக் போக முடியாத வண்டி

ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரகடத்தில் தயாராகும் லாரி நடுவழியில் நின்றுவிட்டால் மெக்கானிக் வருவார். டயர் வெடித்தால் ஸ்டெப்னி இருக்கிறது. மெக்கானிக்கும் ஸ்டெப்னியும் இல்லாமல், ரோடும் ஓட்டுநரும்கூட இல்லாமல் ஓட வேண்டிய வண்டிதான் ரோவர். வேற்றுக் கோளின் தரையில் ஊர்ந்து ஆராயும் இயந்திரம் அது.

நம் நாட்டு ரோவரின் பெயர் பிரக்யான். சந்திரயான்-3 திட்டத்தின் விக்ரம் லேண்டர், 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது. அதன் சாய்தளம் வழியாக பிரக்யான் தரைக்கு வந்தது. நிலவு கோளல்ல, பூமியின் துணைக்கோள்தான். ஆனாலும் செவ்வாயில் ஓடும் ரோவர்களின் அடிப்படை அமைப்புதான் பிரக்யானுக்கும்.

டயர் ஏன் இல்லை?

நிலவின் இரவுக் குளிரில் ரப்பர் விறைத்து நொறுங்கிவிடும். அதனால் உலோகச் சக்கரம். சேற்று வயலில் இறங்கும் டிராக்டருக்கு மாட்டும் இரும்புச் சக்கரத்தில் இருப்பதுபோல, புழுதியைப் பிடித்துத் தள்ள இதிலும் பட்டைகள் உண்டு. மொத்தம் ஆறு சக்கரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார்.

ஸ்பிரிங் கிடையாது. வண்டியின் இரு பக்கமும் நடுவில் அசையும் ஒரு பெரிய கை இருக்கும். அதன் ஒரு முனையில் ஒரு சக்கரம். மறுமுனையில் சீசா பலகைபோல் ஆடும் சின்னக் கை, அதில் இரண்டு சக்கரங்கள். ஒரு சக்கரம் கல்மேல் ஏறினால் கைகள் மட்டும் சாய்ந்து கொடுக்கும். மற்ற ஐந்தும் தரையை விடாது. இதற்கு ராக்கர்-போகி என்று பெயர்.

ஏன் இவ்வளவு மெதுவாக?

பிரக்யானின் எடை 26 கிலோ. சூரியத் தகட்டிலிருந்து கிடைத்தது 50 வாட் மின்சாரம். சாதாரண சீலிங் ஃபேனுக்கே அது போதாது. வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர்.

அதன் கேமரா எடுத்த படம் லேண்டர் வழியாக பூமிக்கு வரும். அதை வைத்துத் தரையின் மேடு பள்ளத்தை வரைபடமாக்கி, பாதையைத் தீர்மானித்து, கட்டளை அனுப்புவார்கள். ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் 5 மீட்டர். ஆகஸ்ட் 27 அன்று மூன்று மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளம் தெரிந்தது. வந்த வழியே திருப்பினார்கள். செப்டம்பர் 2 அன்று உறக்க நிலைக்குப் போகும் முன் 100 மீட்டருக்குச் சற்று மேல் ஓடியிருந்தது.

செவ்வாய்க்குச் செய்தி போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். அதனால் அங்குள்ள பெர்சிவரன்ஸ் போன்ற ரோவர்கள் கல்லையும் பள்ளத்தையும் தாமே பார்த்து ஒதுங்கிப் போகும்.

எங்கே ஓட்டிப் பார்த்தார்கள்?

புது வண்டிகளை ஓட்டிப் பார்க்க ஒரகடத்திலேயே சோதனைத் தடம் இருக்கிறது. ரோவருக்குத் தடம் போட நிலவு மண்ணல்லவா வேண்டும்? நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் அனார்த்தோசைட் பாறை கிடைக்கிறது. நிலவின் மேட்டுநிலப் பாறையும் அதே வகை. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களின் உதவியோடு நாமக்கல் பாறையைப் பொடியாக்கி, சந்திரயான்-2 காலத்திலேயே பெங்களூருக்குக் கொண்டுபோய்த் தடம் போட்டார்கள். நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால், ஹீலியம் பலூன்களால் ரோவரின் எடையைத் தாங்கவைத்து ஓட்டிப் பார்த்தார்கள்.

பிறகு பிரக்யான் நிலவு மண்ணை அளந்தபோது, அனார்த்தோசைட் சார்ந்த மண்தான் அங்கே என்று தெரிந்தது. அது இறங்கிய மண், நாமக்கல் மண்ணுக்குச் சொந்தம்தான்.

சந்திரயான்-3 திட்ட இயக்குநராக இருந்த வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். சொந்த ஊரில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, தாம்பரம் அருகே பொறியியல் படித்தவர். ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் அதே டிப்ளமோவோடு வேலை பார்க்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் தினமும் சரிபார்த்து இறுக்கும் போல்ட் ரோவரிலும் உண்டு. அங்கே அதை இரண்டாம் முறை இறுக்க ஆளில்லை. வித்தியாசம் அவ்வளவே.